பிக்கப் வண்டிக்கு எந்த ஆயில் ஃபில்டர்? காசிமேட்டில் மீன் லோடு அடிக்கும் தம்பிக்கு

தம்பி கேட்டது இதுதான். 2018 மாடல் பிக்கப், பிஎஸ் 4, டர்போ டீசல், திருகிப் போடுகிற டப்பா ஃபில்டர். ராத்திரி இரண்டு மணிக்குக் காசிமேட்டில் மீன் ஏற்றி சிந்தாதிரிப்பேட்டை, வானகரம் என்று இறக்கிவிட்டு, பகலில் மணலி குடோன்களுக்கு வாடகை ஓட்டுகிறார். கடையில் ஆயில் ஃபில்டர் கேட்டால் மூன்றை எடுத்து வைக்கிறார்கள்: வண்டி கம்பெனி பெட்டி 480 ரூபாய், பெயர் தெரிந்த பிராண்டு 310, பெயரே கேள்விப்படாத ஒன்று 140. எதை வாங்குவது? விலை கூடினதைப் போட்டால் ஆயிலை இன்னும் கொஞ்சம் ஓட்டலாமா? மெக்கானிக் சொல்கிற மாதிரி ஒரு சர்வீஸ் விட்டு ஒரு சர்வீஸ் ஃபில்டர் மாற்றினால் போதாதா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 480-ம் சரி, 310-ம் சரி, 140 வேண்டாம். எந்த ஃபில்டர் போட்டாலும் ஆயிலை இழுத்து ஓட்டாதீர்கள். ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் ஃபில்டர் புதுசு. காரணங்களைக் கீழே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும். இருபது வருடத்துக்கு மேலாகத் தண்டையார்பேட்டைப் பக்கம் லோடு வண்டிகளோடுதான் என் பிழைப்பு, குட்டி யானையிலிருந்து தோஸ்த், பொலிரோ பிக்கப் வரை என் கையால் ஃபில்டர் கழற்றி மாட்டியிருக்கிறேன், அதில் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

ஒரு தடவை இதே மாதிரி விலை குறைந்த ஒன்றையும் நல்ல பிராண்டு ஒன்றையும் புதிதாகவே வாங்கி, இரண்டையும் அறுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெளியே இரண்டும் ஒரே உயரம், ஒரே கறுப்பு பெயின்ட். உள்ளே நல்லதில் காகித மடிப்பு நெருக்கமாக, ஒரே சீராக, மேலும் கீழும் தகட்டு மூடியில் பசை முழுவட்டமாகப் பிடித்திருந்தது. மற்றதில் மடிப்புகள் ஒரு பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் விரல் போகிற அளவுக்கு இடைவெளி, பசை ஓரிடத்தில் பிடிக்கவே இல்லை. அந்தச் சந்து வழியாக ஆயில் காகிதத்தைத் தொடாமலே போய்விடும். ஃபில்டர் இருக்கிறது, வேலை நடக்கவில்லை. 140 வேண்டாம் என்று நான் சொல்வது விலையைப் பார்த்து அல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பேற்காத பொருள் அது என்பதால்.

இப்போது எதைப் பார்த்து வாங்குவது என்று வருவோம். முதலில் நம்பர். உங்கள் வண்டியின் பார்ட் நம்பரை மேனுவலிலிருந்தோ பழைய ஃபில்டரிலிருந்தோ எழுதி போனில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு பிராண்டு வாங்கினால் அந்த பிராண்டின் பட்டியலில் உங்கள் வண்டி, உங்கள் என்ஜின், உங்கள் வருடம் மூன்றும் இருக்க வேண்டும். "மறை சரியாக உட்காருது அண்ணே, போட்டுக்கோங்க" என்று கவுன்டரில் திருகிக் காட்டுவார்கள், அதை மட்டும் நம்ப வேண்டாம். மறை ஒன்றாக இருந்தும் ரப்பர் ரிங்கின் விட்டம் வேறாக இருக்கலாம், உள்ளே வால்வே இல்லாமல் இருக்கலாம். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த வால்வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஃபில்டருக்குள் பைபாஸ் வால்வு என்று ஒரு ஸ்பிரிங் கதவு இருக்கும். காகிதம் அடைத்துக்கொண்டால், அல்லது ஆயில் கெட்டியாக இருந்து காகிதத்தைத் தாண்ட முடியாவிட்டால், இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் அழுத்த வித்தியாசம் ஏறும், குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் கதவு திறந்து ஆயிலை வடிகட்டாமலே என்ஜினுக்கு விட்டுவிடும். அந்த அளவு பெரும்பாலும் ஒரு பார் சுற்றுவட்டாரம்தான், என்ஜினுக்கு என்ஜின் மாறும். அழுக்கு ஆயிலாவது போகட்டும், ஆயிலே இல்லாமல் போனால் மெட்டல், அதாவது கிராங்க் தண்டைத் தாங்குகிற பேரிங், பிடித்துவிடும் என்பதுதான் கணக்கு. சில என்ஜின்களில் இந்தக் கதவு ஃபில்டரில் இருக்காது, ஃபில்டர் மாட்டுகிற இடத்திலேயே, என்ஜின் பக்கம் இருக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள், ஃபில்டருக்குள் வால்வு தேவைப்படுகிற வண்டிக்கு, மறை சரியாக உட்கார்ந்தது என்பதற்காக வால்வு இல்லாத ஒன்றை மாட்டினால், அது அடைக்கிற அன்றைக்கு ஆயில் போக வழியே இல்லை. ஸ்பிரிங் ரொம்ப லேசாக இருந்தாலோ, கதவு எப்போதும் பாதி திறந்தே கிடக்கும். பெரிய டப்பா போட்டால் கூடுதலாக அழுக்குப் பிடிக்கும் என்று லாரி ஃபில்டரை பிக்கப்பில் மாட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கீழே தொங்கி அடி வாங்குவது ஒரு பக்கம், இந்த வால்வுக் கணக்கு தப்பிப்போவது இன்னொரு பக்கம். வேண்டாம்.

வெளிநாட்டில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் குளிரில் ஆயில் தேனாக உறைந்து பைபாஸ் திறப்பதைப் பற்றி நிறைய எழுதுவார்கள். நமக்கு மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், 15டபிள்யூ-40 ஆயில் அதற்கெல்லாம் கெட்டியாகாது. நம் ஊரில் பைபாஸ் திறந்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான், ஃபில்டரை மாற்றாமல் ஓட்டி அடைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வால்வு, ரப்பர். ஃபில்டரின் வாயைப் பார்த்தால் நடுவில் மறை உள்ள பெரிய ஓட்டை, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள். சின்ன ஓட்டைக்குப் பின்னால் ஒரு ரப்பர் மடல் தெரியும். ஆயில் உள்ளே போகும்போது விலகும், என்ஜினை அணைத்ததும் மூடிக்கொள்ளும், ஃபில்டரில் நிற்கிற ஆயில் திரும்பக் கீழே சேம்பருக்கு, அதாவது என்ஜின் அடியில் ஆயில் தேங்குகிற தொட்டிக்கு, வடிந்துவிடாமல் பிடித்து வைக்கும். ஃபில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ மாட்டியிருக்கிற வண்டிகளுக்கு இது உயிர் மாதிரி. வாய் மேலே பார்த்தபடி நிற்கிற ஃபில்டரில் ஆயில் தானாகவே தங்கும், அங்கே இதற்கு அவ்வளவு வேலை இல்லை. இந்த மடல் சாதாரண நைட்ரைல் ரப்பராக இருந்தால் சூட்டில் நாளாக நாளாக விறைத்துப்போகும், சிலிக்கான் என்றால் வளைகிற தன்மை நீண்ட நாள் இருக்கும். சிலிக்கான் பெரும்பாலும் ஆரஞ்சு அல்லது சிவப்பாக வரும், ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. சுத்தமான குச்சி ஒன்றால் ஓட்டை வழியாக மடலை மெதுவாக அழுத்திப் பாருங்கள், அழுத்தினால் போய், விட்டால் சட்டென்று திரும்ப வந்து ஒட்ட வேண்டும்.

இது கெட்டுப்போனால் எப்படித் தெரியும் என்றால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் லைட் அணைய வழக்கத்தைவிட இரண்டு மூன்று விநாடி கூடுதலாகும், அந்த நேரத்தில் என்ஜினிலிருந்து காய்ந்த சத்தம் ஒன்று வரும், அப்புறம் அடங்கிவிடும். அந்த விநாடிகளில்தான் டர்போ ஆயில் இல்லாமல் சுற்றுகிறது. டர்போவின் தண்டு வேகமெடுத்தால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகிற சாமான், அதைத் தாங்குவது ஆயில் படலம் மட்டும்தான். அதனால் ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலேட்டரை மிதித்து உறுமவிடுகிற பழக்கம் டிரைவருக்கு இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, பெட்டியில் போட்டிருக்கிற மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான், என்ஜின் மெட்டலுக்கும் கிராங்குக்கும் நடுவே ஓடுகிற ஆயில் படலம் சில மைக்ரான்தான், ஆக முடியைவிடப் பல மடங்கு சின்னத் தூசிகூட அங்கே கீறல் போடும். ஆனால் "20 மைக்ரான்" என்று வெறுமனே போட்டிருந்தால் அதில் ஒன்றும் இல்லை. அந்த அளவுத் தூசியில் எத்தனை சதவீதத்தைப் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. பாதியைப் பிடித்தாலும் 20 மைக்ரான் என்று போடலாம், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டைப் பிடித்தாலும் 20 மைக்ரான் என்றுதான் போடுவார்கள். ஒழுங்கான கம்பெனிகள் ஐஎஸ்ஓ 4548-12 என்ற சோதனை முறைப்படி பார்த்து பீட்டா என்று ஓர் எண் சொல்வார்கள்: பீட்டா 2 என்றால் வருகிற இரண்டு துகளில் ஒன்று தப்பிப் போகிறது, பீட்டா 75 என்றால் 75-ல் ஒன்றுதான் தப்புகிறது, அதாவது 98.7 சதவீதம் பிடிபடுகிறது. சாதாரணக் காகிதத்தைவிட செயற்கை இழை கலந்த வடிகட்டி சின்னத் துகளையும் பிடிக்கும், அழுக்கையும் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடும். ஹைவேயில் நீளமாக ஓடி, நீண்ட சர்வீஸ் இடைவெளி உள்ள வண்டிக்கு அது பிரயோஜனம். உங்களை மாதிரி அடிக்கடி மாற்ற வேண்டிய வண்டிக்கு நல்ல காகித ஃபில்டரே போதும், மிச்சப் பணத்தை வேறு இடத்தில் போடலாம், எங்கே என்று கீழே சொல்கிறேன்.

ஆயில் கறுத்துப்போவதைப் பார்த்து ஃபில்டர் சரியில்லை என்று நினைக்காதீர்கள். டீசல் கரி ஒரு மைக்ரானுக்கும் கீழே உள்ள துகள், எந்தக் காகித ஃபில்டரும் அதை முழுசாகப் பிடிக்காது. அதை ஒன்றோடொன்று சேரவிடாமல் மிதக்க வைத்திருப்பது ஆயிலில் கலந்திருக்கிற மருந்தின் வேலை. அந்த மருந்து தீர்ந்ததும் கரி கட்டியாகத் திரண்டு ஃபில்டரை அடைக்கும். இதனால்தான் விலை கூடின ஃபில்டரைப் போட்டு ஆயிலை இழுத்து ஓட்ட முடியாது என்கிறேன். ஃபில்டர் குப்பையைத்தான் எடுக்கும், தீர்ந்துபோன ஆயிலைப் புதுசாக்காது.

அடுத்து, எப்போது மாற்றுவது. நம்ம வட சென்னை வண்டிகளுக்கென்றே உள்ள விஷயம் இதில் இருக்கிறது. மேனுவலில் கிலோமீட்டர் போட்டிருப்பார்கள், நீங்களும் மீட்டரைப் பார்த்துத்தான் மாற்றுகிறீர்கள். ஆனால் உங்கள் வண்டி எவ்வளவு நேரம் ஓடாமல் ஓடுகிறது? காசிமேட்டு வாசலில் ஏலம் முடிகிறவரை, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர் வரிசைக்குப் பின்னால், மணலியில் கேட் பாஸ் வருகிறவரை என்ஜின் ஓடிக்கொண்டே நிற்கிறது. மீட்டர் நகரவில்லை, ஆயில் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஃபோர்டு கம்பெனி அமெரிக்காவில் விற்கிற தன் பிக்கப்களின் மேனுவலில் ஒரு மணி நேரம் ஐடிலில் நிற்பதைச் சுமார் 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர் ஓட்டமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்த 40-ஐ வைத்துக்கொண்டு உங்கள் கணக்கைப் போடுங்கள். நாளைக்கு மூன்று மணி நேரம், மாதம் 25 நாள், 75 மணி நேரம். 3,000 கிலோமீட்டர் மீட்டரில் ஏறாமலே ஓடியிருக்கிறது. நான்கு மாதத்தில் 12,000. மேனுவலில் கடினமான பயன்பாடு என்று தனியாக ஒரு குறைந்த இடைவெளி இருந்தால் அதுதான் உங்களுக்கு, இல்லாவிட்டால் இந்த ஐடில் கணக்கை மீட்டரோடு கூட்டிக்கொண்டு சர்வீஸ் தேதியைக் குறியுங்கள்.

ஒரு சர்வீஸ் விட்டு ஒரு சர்வீஸ் என்ற பேச்சுக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஜப்பானில் சில பெட்ரோல் கார்களுக்கு அப்படி மேனுவலிலேயே உண்டு. அந்தக் கார் தூசியில்லாத ரோட்டில் ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது, உங்களுடையது டர்போ டீசல், லோடு, ஐடிலிங். பழைய ஃபில்டருக்குள் நிற்கிற கறுப்பு ஆயில் அப்படியே புது ஆயிலோடு கலக்கும். இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்து ஆயில் ஊற்றிவிட்டு 310 ரூபாயில் மிச்சம் பிடிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மிச்சப் பணத்தை எங்கே போடுவது என்றேனே, ஏர் ஃபில்டரில். என்ஜினுக்குள் மண் வருகிற பெரிய வழி காற்று வழிதான். அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் காற்றிலேயே இருக்கிறது, அந்தச் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும்தான் அதிகம், இரண்டும் இரும்பைத் தேய்க்கிற சரக்கு. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் வாசலில் அரை நாள் நின்ற வண்டியின் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள், கையில் ஒட்டுவது சாதாரண மண்ணாக இருக்காது. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப் ஒன்று உடைந்திருந்தாலோ, டர்போவுக்குப் போகிற ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தாலோ, ஆயில் ஃபில்டர் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினாலும் என்ஜினைக் காப்பாற்றாது. ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்த ஹோஸின் உள்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் வந்தால் ஃபில்டருக்கு அப்பால் தூசி போய்விட்டது என்று அர்த்தம்.

போலியைப் பற்றி. நல்ல பிராண்டுக்குத்தான் போலி வரும், பெயரில்லாததற்கு யாரும் போலி போட மாட்டார்கள். பாஷ், பியூரோலேட்டர், எலோஃபிக், ஃபிளீட்கார்டு, மான் என்று நம் கடைகளில் கிடைக்கிற நல்ல பெயர்கள் எதுவாக இருந்தாலும், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ மூலக்கடையிலோ எங்கே வாங்கினாலும், ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் உள்ள நம்பரும் டப்பாவில் அச்சடித்த நம்பரும் ஒன்றா, பேட்ச் எண் இருக்கிறதா, வாயில் மறை சுத்தமாக வெட்டியிருக்கிறதா, இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டரை மாட்டின பிறகு காலிப் பெட்டியைக் கிழித்துப் போடுங்கள், முழுசாகக் கிடக்கிற பெட்டியைப் பொறுக்கிக்கொண்டு போக ஆள் இருக்கிறது. உங்களுடையது வாரன்டி தாண்டிய வண்டி. வாரன்டியில் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் கம்பெனி ஃபில்டரே போட்டு பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். பிஎஸ் 6 வண்டிக்காரர்கள் ஃபில்டரைவிட ஆயில் கிரேடில் கவனமாக இருக்க வேண்டும், புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டி தப்பான ஆயிலால் அடைத்துக்கொள்ளும்.

மாட்டுகிற விதத்தில் நடக்கிற ஒரு தப்பு எனக்கே நடந்தது. சில வருடம் முன்னால், விடியற்காலை லோடு போக வேண்டும் என்று ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பட்டறையில் ஆயில் மாற்றிக் கொடுத்தார்கள். திருவொற்றியூர் தேரடி தாண்டுவதற்குள் சிவப்பு லைட். இறங்கிப் பார்த்தால் வண்டிக்குப் பின்னால் தெருவிளக்கு வெளிச்சத்தில் ரோட்டில் பளபளவென்று ஒரு கோடு, வந்த வழி முழுக்க. பழைய ஃபில்டரின் ரப்பர் ரிங் என்ஜின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது, அதைப் பார்க்காமல் அதன் மேலேயே புதுசைத் திருகிவிட்டார்கள். இரண்டு ரிங் ஒன்றின் மேல் ஒன்று, அழுத்தம் ஏறியதும் ஒன்று பிதுங்கி வெளியே வந்துவிட்டது. உடனே அணைத்ததால் என்ஜின் தப்பியது. அதிலிருந்து பழைய ஃபில்டர் கழன்றதும் முதலில் அதன் வாயில் ரிங் இருக்கிறதா என்று பார்ப்பேன், இல்லையென்றால் அது மேலே இருக்கிறது. துணியால் உட்காரும் இடத்தை வழித்துத் துடைத்து, புது ரிங்கில் புது ஆயிலை விரலால் தடவி, கையால் திருகி, ரிங் தொட்டதும் அதற்கு மேல் முக்கால் சுற்று. டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி. செயின் ரிஞ்ச் கழற்றத்தான், இறுக்க அல்ல. ஸ்டார்ட் செய்து லைட் அணைவதைப் பார்த்து, ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு, கீழே குனிந்து கசிவு இருக்கிறதா பார்த்து, அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். புது ஃபில்டர் கொஞ்சம் ஆயில் குடிக்கும், அளவு இறங்கியிருந்தால் ஊற்றுங்கள்.

துறைமுகத்துக்குள் உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறுகிற வண்டி என்பதால் இன்னொன்றும் பாருங்கள். டப்பாவின் அடி விளிம்பில் பெயின்ட் உரிந்து துரு பிடிக்கும். வண்டியைக் கழுவும்போது அங்கே நல்ல தண்ணீர் அடித்துத் துணியால் துடைத்தால் போதும். துரு குழி விழுந்திருந்தால் சர்வீஸ் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள், உள்ளே அழுத்தம் இருக்கிற டப்பா அது.

முடிந்தால் அடுத்த தடவை பழைய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். ஆக்ஸா பிளேடால் அறுத்தால் அந்தத் தூளே உள்ளே விழுந்து குழப்பும், ஃபில்டர் கட்டர் உள்ள பட்டறையில் வெட்டச் சொல்லுங்கள். காகிதத்தை விரித்து, பிழிந்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கறுப்புச் சேறு மட்டும் என்றால் சரி. மினுக்கென்று ஏதாவது தெரிந்தால் காந்தம் வையுங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் வெள்ளையாக இருந்தால் அலுமினியம், பிஸ்டன் பக்கம் சந்தேகம். செம்பு நிறம் என்றால் மெட்டலோ டர்போ புஷ்ஷோ தேய்கிறது, லோடு ஏற்றுவதற்கு முன் நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வெட்டின ஃபில்டரை ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்து வடியவிட்டு, அந்த ஆயிலையும் சேர்த்து, பழைய ஆயில் மறுசுழற்சிக்கு எடுக்க உரிமம் உள்ளவர்களிடம் கொடுக்கிற பட்டறையாகப் பார்த்துக் கொடுங்கள். பக்கிங்ஹாம் கால்வாயில் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து, வலையும் படகும் கறுப்பாகிப்போனதை நாம் பார்த்தோம். உங்கள் வண்டியில் ஏறுகிற மீனும் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்திலிருந்துதான் வருகிறது தம்பி.